பொம்மையை உடைக்கிற பையன்

'டாய் ஸ்டோரி' படம் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் வீட்டில் குழந்தைகள் பார்த்திருக்கும். நீங்கள் காபி டம்ளரோடு இரண்டு தடவை குறுக்கே போயிருப்பீர்கள். அதில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வருவான். பெயர் சிட். பொம்மை கிடைத்தால் விளையாட மாட்டான். தலையைத் திருகுவான். ராக்கெட்டில் கட்டி வெடிப்பான். ஒன்றின் தலையைப் பிடுங்கி இன்னொன்றின் உடம்பில் ஒட்டவைப்பான்.

இந்தச் சிட்டின் பெயரை ஒரு ஸாஃப்ட்வேர் கிடங்கின் வாசலில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். 'உள்ளே வருகிறவர்கள் சொந்தப் பொறுப்பில் வரவும்' என்று அர்த்தம்.

கிடங்கு, டெபியன் என்கிற லினக்ஸ் கூட்டத்தாருடையது. இது கம்பெனி இல்லை. முதலாளி கிடையாது. சம்பளம் கிடையாது. ஷேர் மார்க்கெட்டில் பெயர் கிடையாது. உலகம் பூராவும் சிதறிக் கிடக்கும் சுமார் 1000 பேர் ஓட்டுப் போட்டு வருஷத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். (அவருக்கும் சம்பளம் கிடையாது.) 1990-களில் தலைவராக இருந்த புரூஸ் பெரென்ஸ் வேலை பார்த்தது பிக்ஸார் கம்பெனியில். 'டாய் ஸ்டோரி' எடுத்த அதே பிக்ஸார். அதனால் டெபியனின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அந்தப் பட வரிசையிலிருந்து ஒரு பெயர். பஸ், வுடி, ஜெஸ்ஸி என்று வரிசையாக வந்து, 2025 ஆகஸ்ட் 9-ம் தேதி வெளியான 13-வது பதிப்புக்கு ட்ரிக்ஸி என்று பெயர். பொம்மைகள் மாறிக்கொண்டே இருக்கும். சிட் மட்டும் மாறுவதில்லை. அவன் நிரந்தரம்.

"மாமா, நீங்க பி.காம். உங்களுக்கு எதுக்கு லினக்ஸ்?" என்றான் என் மைத்துனன். ஸாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் எதையாவது ரிலீஸ் பண்ணிவிட்டு, சனி ஞாயிறு பூராவும் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டிருப்பான்.

பி.காம். என்பதால்தான்! ஆடிட்டிங் பேப்பரில் 'இன்டர்னல் செக்' என்று ஒரு பாடம் உண்டு. ஒருத்தன் எழுதியதை இன்னொருத்தன் பார்க்காமல் ஒரு பைசாகூடக் கல்லாவை விட்டு வெளியே போகக்கூடாது என்பது சாராம்சம். பரீட்சையில் இதற்குப் பத்து மார்க். பாஸ் பண்ணி வெளியே வந்து, இத்தனை வருஷத்தில் இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் ஆபீஸ் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. பில் போடுவதும் அவரே, சரி பார்ப்பதும் அவரே, டீ வாங்கப் போவதும் அவரே. கடைசியில் இந்தப் பாடத்தை அச்சு அசலாக நடத்திக்கொண்டிருக்கிறவர்களைக் கண்டுபிடித்தேன். காமர்ஸ் படிக்காதவர்கள்.

*

முதலில் சரக்கு என்னவென்று பார்த்துவிடலாம்.

லினக்ஸ் என்பது எஞ்சின் மட்டும். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற ஃபின்லாந்து மாணவர் எழுத ஆரம்பித்தது. எஞ்சினை மட்டும் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தால் உறுமும், ஊருக்குப் போகாது. ஸீட், சக்கரம், ஹாரன், கண்ணாடி எல்லாம் வேண்டும். அவற்றை வேறு வேறு தேசத்தில் வேறு வேறு ஆட்கள் எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் சேகரித்து, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்து, வண்டியாக்கித் தருவதற்கு 'டிஸ்ட்ரிப்யூஷன்' என்று பெயர்.

1993 ஆகஸ்ட் 16-ம் தேதி இயன் மர்டாக் என்கிற அமெரிக்கக் கல்லூரி மாணவர் அப்படி ஒன்றை அறிவித்தார். சிநேகிதி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி டெபியன் என்று வைத்தார். இயன் 2015-ல் காலமாகிவிட்டார். அவர் ஆரம்பித்த கிடங்கில் ட்ரிக்ஸி வந்தபோது கிட்டத்தட்ட 70 ஆயிரம் பொட்டலங்கள் இருந்தன.

பொட்டலம் என்று சொல்வது கேலிக்காக இல்லை. அவர்களே 'பேக்கேஜ்' என்றுதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு சீட்டு. 'நான் வேலை செய்ய இன்னின்ன பொட்டலம் கூட வேண்டும்' என்று அதில் எழுதியிருக்கும். தேங்காய்ச் சட்னி கேட்டால் தேங்காய் மட்டும் போதாது. பொட்டுக்கடலை வேண்டும், பச்சைமிளகாய் வேண்டும், மிக்ஸி வேண்டும், மிக்ஸிக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட்டுக்கு மேட்டூரில் தண்ணீர் வேண்டும். நீங்கள் சட்னி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேட்டூர் வரை யோசித்து எல்லாவற்றையும் இறக்கித்தருவது அந்தக் கிடங்கின் வேலை. கேட்கச் சுகமாக இருக்கிறது. பச்சைமிளகாயில் யாராவது ஒருவர் எதையாவது மாற்றினால் எத்தனை வீட்டுச் சட்னி கெடும் என்று யோசித்துப் பாருங்கள். கிடங்கு நடத்துவதில் உள்ள கஷ்டமெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

*

உள்ளே சரக்கு வருவதற்கு நாலு கதவு.

முதல் கதவில் கையெழுத்து. பொட்டலம் அனுப்புகிறவர் தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்று ஏற்கெனவே உள்ளே இருக்கிற யாராவது நேரில் பார்த்து, அடையாளச் சீட்டை வாங்கிப் புரட்டி, சாட்சி சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாங்க்கில் அக்கவுன்ட் திறக்க, ஏற்கெனவே அக்கவுன்ட் உள்ள ஒருவரை 'இன்ட்ரொட்யூஸர்' என்று கெஞ்சிக் கூட்டிப் போனோமே, அதேதான். டெபியன்காரர்கள் மாநாடு கூடினால் வரிசையில் நின்று ஒருவர் பாஸ்போர்ட்டை ஒருவர் பார்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் பெண் பார்ப்பதைவிட உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

இரண்டாவது கதவு, புதுச் சரக்குக்கு மட்டும். இதற்கு முன் கிடங்கில் இல்லாத பொட்டலம் என்றால், சில பேர் உட்கார்ந்து அதைப் பிரித்துப் படிக்கிறார்கள். எழுதியவர் யார், இனாமாகக் கொடுக்க அவர் அனுமதித்திருக்கிறாரா, உள்ளே யாருடைய சரக்காவது திருட்டுத்தனமாக ஒட்டியிருக்கிறதா என்று. படிக்கிற ஆட்கள் குறைவு. வரிசை சமயத்தில் மாசக்கணக்கில் நிற்கும்.

மூன்றாவது கதவுதான் சிட்டின் அறை. முறையான பெயர் 'அன்ஸ்டேபிள்'. புதிதாக வருகிற எல்லாம் முதலில் இங்கேதான் விழும். விழுந்து, சும்மா கிடக்க வேண்டும். சாதாரணச் சரக்கு 5 நாள். அவசரமே இல்லை என்றால் 10 நாள். ஓட்டை அடைக்கிற அவசரம் என்றால் 2 நாள். இந்த நாட்களில் யாராவது எடுத்து உபயோகித்து, 'அய்யோ!' என்று கத்துகிறார்களா என்று பார்க்கிறார்கள். கத்துவதற்கென்றே தங்கள் கம்ப்யூட்டரில் சிட்டைக் குடிவைத்திருக்கும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

கூடவே இன்னொரு நிபந்தனை. வீட்டில் அரைத்த மாவு செல்லாது. அரிசியைக் கொடு, எங்கள் மெஷினில் நாங்களே அரைத்துக்கொள்கிறோம் என்பார்கள். அதாவது ஸோர்ஸ் எனப்படும் மூலத்தை வாங்கி, டெபியனின் சொந்த மெஷின்களில், ட்ரிக்ஸி ஆதரிக்கிற 7 வகை ப்ராஸஸர்களுக்கும் தனித்தனியாக அரைக்க வேண்டும். எல்லாவற்றிலும் அரைபட வேண்டும். புதிதாகப் பெரிய பக் எதுவும் வந்திருக்கக்கூடாது. தான் உள்ளே போவதால் வேறு பொட்டலம் உடையக்கூடாது. இதையெல்லாம் கூட்டிக் கழித்துத் தீர்ப்பு சொல்வது ஒரு ப்ரோக்ராம். அதற்குப் பெயர் பிரிட்னி. பாஸ் என்றால் 'டெஸ்டிங்' என்கிற அடுத்த அறைக்கு அனுப்பும். இந்த நடு அறை 2000-ம் வருஷக் கடைசியில் ஏற்பட்டது.

நாலாவது கதவுக்குப் பெயர் 'ஃப்ரீஸ்'. காமர்ஸ்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். மார்ச் 31. கணக்கு முடிப்பு. ட்ரிக்ஸிக்கு 2025 மார்ச் 15-ம் தேதி ஆரம்பித்தது. முதலில் பெரிய மாற்றங்களுக்குத் தடை. பிறகு புதுச் சரக்குக்குத் தடை. கடைசிக் கட்டத்தில் ஒரு கமாவை மாற்றுவதானாலும் 'ரிலீஸ் டீம்' என்கிற சில பேரிடம் மனுப் போட்டு, மாற்றத்தை வரி வரியாகக் காட்டி, அனுமதி வாங்க வேண்டும். பக் உள்ள பொட்டலத்தைச் சரி செய்ய ஆளில்லையா? வெளியே தூக்கிப் போடு. ஐந்து மாசம் இப்படி வடிகட்டி, ஆகஸ்டில் வெளியே விட்டார்கள்.

வெளியே விட்டதற்குப் பிறகு அதைத் தொடுவதில்லை. அது 'ஸ்டேபிள்'. ஸெக்யூரிட்டி ஓட்டை தெரிந்தால்கூடப் புதுப் பதிப்பைக் கொண்டுவந்து திணிப்பதை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். பழைய பதிப்பிலேயே கிழிந்த இடத்தில் மட்டும் தையல் போடுகிறார்கள். மூன்று வருஷம் முழு கவனிப்பு. அப்புறம் இரண்டு வருஷம் நீட்டிப்பு.

கடைசியில் ஸீல். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கைரேகை மாதிரி ஒரு எண். அந்த எண்களுக்கு ஒரு பட்டியல். பட்டியல்களின் எண்களுக்கு இன்னொரு பட்டியல். அதன் அடியில் டெபியனின் கையெழுத்து. அதனால் உலகத்தில் எந்த மூலையில் உள்ள நகல் கிடங்கிலிருந்து பொட்டலம் இறக்கினாலும், நடுவில் யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். ட்ரயல் பாலன்ஸ் டாலியாகவில்லை என்று அடம் பிடிக்கும்.

*

இவ்வளவு கெடுபிடி வைத்தால் என்ன ஆகும்? லேட் ஆகும்.

டெபியனின் பழைய மந்திரம் ஒன்று: 'ரெடியானதும் ரிலீஸ்.' எப்போது ரெடியாகும் என்றால், ரெடியானதும். வுடி வந்தது 2002 ஜூலையில். அடுத்தது ஸார்ஜ். 2003 போனது, 2004 போனது, 2005 ஜூன் மாசம்தான் வந்தது. மூன்று வருஷம்! அதற்குள் உபுண்டு என்று ஒன்று கிளம்பியது, 2004 அக்டோபரில். டெபியன் கிடங்கிலிருந்தே சரக்கை எடுத்து, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டயத்துக்கு பஸ் விடுகிற மாதிரி விட ஆரம்பித்தார்கள். பின்னால் பணக்காரர் ஒருவர், மார்க் ஷட்டில்வொர்த். கூட்டம் அந்த பஸ்ஸில் ஏறியது.

டெபியனில் சிலருக்கு ரோஷம் வந்தது. அடுத்த வெளியீடான எட்ச், சொன்ன தேதிக்கு, 2006 டிசம்பர் 4-க்கு, வந்தே ஆக வேண்டும். என்ன செய்யலாம்? ரிலீஸ் வேலையை முன்நின்று நடத்துகிற இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு மாசம் சம்பளம் கொடுத்து, முழு நேரமும் உட்காரவைக்கலாம். வெளியே நன்கொடை வசூலித்து அப்படியே செய்தார்கள்.

எந்த எம்.பி.ஏ.வைக் கேட்டாலும் 'அருமையான யோசனை' என்பார். நடந்ததைக் கேளுங்கள். "அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் சம்பளம்னா, சும்மா செய்யற நாங்க யாரு?" என்ற கேள்வி எழுந்தது. சிலர் கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். தலைவரைப் பதவியிலிருந்து இறக்கலாமா என்று ஓட்டெடுப்பே நடந்தது. (தப்பித்தார்.) எட்ச் வெளிவந்தது 2007 ஏப்ரல் 8-ம் தேதி. நாலு மாசம் லேட்.

இனாமாக வேலை செய்கிறவனிடம் பாதிச் சம்பளத்தை நீட்டினால் பாதிச் சந்தோஷப்படுவான் என்று நம் பாடப் புத்தகம் நினைக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் உங்கள் குழந்தையை ஸ்கூலிலிருந்து அழைத்துவருகிறார். மாசக் கடைசியில் ஐந்நூறு ரூபாயை நீட்டிப் பாருங்கள்.

பிற்பாடு அவர்கள் கண்டுபிடித்த சமரசம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரிலீஸ் தேதியை முன்கூட்டிச் சொல்வதில்லை. ஃப்ரீஸ் தேதியை மட்டும் ரொம்ப முன்னாலேயே அறிவித்துவிடுகிறார்கள். கடை சாத்துகிற நேரம் நிச்சயம். கணக்கு டாலி ஆகிற நேரம் கடவுள் விட்ட வழி. கடை சாத்துவது தெரிந்துவிட்டால், கடைசி நிமிஷத்தில் எவனும் புது மூட்டையைத் தலையில் கட்ட மாட்டான். விளைவு என்ன தெரியுமா? 2005-லிருந்து பாருங்கள்: 2007, 2009, 2011, 2013... 2025 வரை, தவறாமல் ஒற்றைப்படை வருஷத்துக்கு ஒரு ரிலீஸ். தேதி சொல்லாதவன்தான் ஒழுங்காக வந்து நிற்கிறான்.

*

டெபியனில் இல்லாத பதிப்புகள் இரண்டு உண்டு. இருப்பதைவிட இல்லாததில் விஷயம் அதிகம்.

ஒன்று, 1.0. 1995-ல் ஸி.டி. போடுகிற கம்பெனி ஒன்று, பாதி வெந்த சரக்கை எடுத்து 'டெபியன் 1.0' என்று லேபிள் ஒட்டி விற்றுவிட்டது. வாங்கியவர்கள் குழம்பக்கூடாதே என்று, நிஜமாகவே தயாரானபோது 1996-ல் 1.1 என்று நம்பர் போட்டார்கள். முதல் நம்பரையே விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று, 12.3. ஸ்டேபிளுக்குப் போட்ட தையல்களை அவ்வப்போது மூட்டை கட்டி 12.1, 12.2 என்று தருவார்கள். 2023 டிசம்பரில் 12.3-ஐ அனுப்பும் நேரத்தில், உள்ளே இருக்கிற லினக்ஸ் எஞ்சினில் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஃபைல்களையே கெடுக்கக்கூடிய ஒரு கோளாறு தெரியவந்தது. ஊரெல்லாம் கேட்கும்படி நிறுத்தினார்கள். அவசரப்பட்டு அப்டேட் செய்ய வேண்டாம் என்று அறிவித்தார்கள். மறுநாளே சரி செய்து 12.4 என்று விட்டார்கள். 12.3 பிறக்கவே இல்லை.

எத்தனை ஆபீஸில் இப்படி வண்டியை நிறுத்துவார்கள் என்று யோசித்தேன். என் மைத்துனனையும் கேட்டேன். "க்ளையன்ட்டுக்குத் தேதி கொடுத்துட்டோம்னா குடுத்ததுதான் மாமா. கோளாறை அடுத்த வெர்ஷன்ல 'புது வசதி'ன்னு சொல்லிச் சரி பண்ணிடுவோம்" என்றான்.

*

இப்போது சிட்டின் அறையில் நடந்த நிஜத் துப்பறியும் கதை.

எக்ஸ்-இஸட் என்று ஒரு சின்ன ப்ரோக்ராம். ஃபைல்களை அமுக்கிச் சுருக்குகிற வேலை. உலகத்தில் இருக்கிற லினக்ஸ் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும். அதை வருஷக்கணக்காகப் பராமரித்து வந்தவர் ஒரே ஒருவர், சம்பளமில்லாமல். களைத்துப்போயிருந்தார். 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். உதவி செய்தார். நல்ல உதவி, பணிவான உதவி. கூடவே வேறு சில பெயர்கள் வந்து, 'ஏன் இத்தனை லேட்? இன்னொருத்தரிடம் பொறுப்பைக் கொடுங்களேன்' என்று பெரியவரை நச்சரித்தன. கொஞ்ச காலம் இந்த நாடகம். கடைசியில் சாவி ஜியா டான் கைக்கு வந்தது.

2024 பிப்ரவரி, மார்ச்சில் 5.6.0, 5.6.1 என்று இரண்டு பதிப்பு வெளிவந்தது. உள்ளே கள்ளக் கதவு. உலகத்து ஸர்வர்களுக்குள் தூரத்திலிருந்து நுழைய உபயோகிக்கும் எஸ்.எஸ்.எச். என்கிற வாசலை, ஒரு ரகசியச் சாவி வைத்திருப்பவன் மட்டும் திறந்துகொள்ளலாம். எஸ்.எஸ்.எச்.சுக்கும் எக்ஸ்-இஸட்டுக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது. டெபியன் போன்றவர்கள் எஸ்.எஸ்.எச்.சில் ஒரு சௌகரியத்துக்காக இன்னொரு பொட்டலத்தைச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பொட்டலத்துக்கு எக்ஸ்-இஸட் தேவை. சட்னிக்கும் மேட்டூருக்கும் உள்ள சம்பந்தம்தான்.

கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், எல்லோரும் படிக்கும்படி பொதுவில் வைத்திருந்த மூலத்தில், விஷத்தை முடுக்கிவிடும் வரிகள் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிக்கொடுத்த மூட்டையில் மட்டும் இருந்தன. ஆடிட்டருக்கு ஒரு நோட்டு, கடைக்கு ஒரு நோட்டு! நம் தொழிலில் ரொம்பப் பழைய வித்தை.

கையெழுத்து ஒழுங்கு. மெஷினில் அரைபட்டது. யாரும் கத்தவில்லை. சிட்டின் அறையைத் தாண்டி நடு அறையான டெஸ்டிங் வரைக்கும் வந்துவிட்டது. 'புதுப் பதிப்பைச் சீக்கிரம் சேருங்கள்' என்று டெபியனுக்கு முகம் தெரியாத ஆளிடமிருந்து சிபாரிசு வேறு.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்று ஒருவர். போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸை உருவாக்குகிறவர்களில் ஒருவர், மைக்ரோஸாஃப்டில் வேலை. தன் டேட்டாபேஸின் வேகத்தை அளப்பதற்காகச் சிட் ஓடுகிற மெஷினை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். எஸ்.எஸ்.எச். வழியே உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை செகண்டு கூடுதலாக ஆயிற்று. அரை செகண்டு! ஏ.டி.எம். மூன்று நிமிஷம் யோசித்தால்கூட நாம் ஏ.ஸி. காற்று வாங்கிக்கொண்டு சும்மா நிற்போம். இவர் விடவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டே போய், 2024 மார்ச் 29, பெரிய வெள்ளியன்று, இந்தக் கள்ளக் கதவை உலகத்துக்கு அறிவித்தார்.

டெபியனில் என்ன சேதம்? சிட்டிலும் டெஸ்டிங்கிலும் இருந்தவர்களுக்குப் பதற்றம். ஸ்டேபிளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. பாங்க்கும் ஆஸ்பத்திரியும் ஓட்டுவதற்கென்று தருகிற அந்த அறைக்கு அது போகவே இல்லை. அடுத்த ஸ்டேபிள் வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. 'பழைய சரக்கு, மெதுவான ஆட்கள்' என்று பல வருஷமாகக் கேலி செய்தோமே, அந்த மெதுதான் காப்பாற்றியது.

பின்னால் ஒரு தமாஷ். கெட்ட பதிப்பைத் திரும்ப வாங்கி, பழைய 5.4.5-ஐக் கொடுக்க வேண்டும். ஆனால் நம்பர் ஏறினால்தான் புதுசு என்று கம்ப்யூட்டர்கள் எடுத்துக்கொள்ளும். இறங்கினால் சட்டை செய்யாது. அதனால் புதுப் பொட்டலத்துக்கு இப்படி நம்பர் போட்டார்கள்: 5.6.1+ரியலி5.4.5. 'பெயருக்கு 5.6.1, நிஜத்தில் 5.4.5' என்று பொட்டலத்தின் நெற்றியிலேயே எழுதிவிட்டார்கள். ஆங்கிலத்தில் 'ரியலி' என்ற வார்த்தைக்கு இவ்வளவு கௌரவமான உபயோகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

*

காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டால் அது மோசமான ஆடிட் ரிப்போர்ட். டெபியன் கணக்கில் ஒரு பெரிய சிவப்பு மை உண்டு.

2006 செப்டம்பரில், ரகசியச் சாவிகளைத் தயாரிக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற பொட்டலத்தில் டெபியன்காரர் ஒருவர் சில வரிகளை நீக்கினார். கெட்ட எண்ணம் இல்லை. 'வால்கிரைண்ட்' என்று கோளாறு கண்டுபிடிக்கும் ப்ரோக்ராம் ஒன்று. அந்த வரிகளைப் பார்த்து ஓயாமல் புகார் செய்துகொண்டிருந்தது. புகாரை நிறுத்தினார். கூடவே, சாவி தயாரிக்கும்போது கலக்க வேண்டிய குலுக்கலும் நின்றுவிட்டது. கோடானுகோடி விதத்தில் வர வேண்டிய சாவி, ஒரு அளவுக்கு வெறும் 32,767 விதத்தில்தான் வந்தது. பூட்டு விற்கிறவன் ஊர் பூராவும் ஒரே கொத்துச் சாவியைப் பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி. இந்தப் பொட்டலம் எல்லாக் கதவையும் தாண்டியது. ஸ்டேபிளுக்குள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. 2008 மே மாசம்தான் ஒருவர் கண்டுபிடித்தார்.

அங்கேயும் காத்திருப்பு இருந்தது. பார்க்கிறவர்தான் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எக்ஸ்-இஸட் விவகாரத்திலும் இதே வால்கிரைண்ட் முனகியது. ஃப்ராயிண்ட் பிடித்த நூல்களில் அதுவும் ஒன்று. 2006-ல் முனகலை அமுக்கினார்கள், ஓட்டை விழுந்தது. 2024-ல் முனகலுக்குக் காது கொடுத்தார் ஒருவர், ஓட்டை அடைபட்டது. நாள் கணக்கும் ஃப்ரீஸும் பிரிட்னியும் செய்வதெல்லாம், கவனிக்கிற ஒருவருக்கு அவகாசம் வாங்கித் தருவது மட்டும்தான். கவனிப்பதை மனுஷன்தான் செய்ய வேண்டும்.

அந்த மனுஷர்களில் டெபியனுக்கு எப்போதும் பஞ்சம். கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, வேலை மாறுகிறது. பொட்டலத்தைப் பார்த்துக்கொள்ள முடிவதில்லை. அப்படிக் கைவிடப்பட்ட பொட்டலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அநாதை'. எடுத்துக்கொள்வதற்குப் பெயர் 'தத்து'. அநாதைகளின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. இதில் மரியாதையும் பார்க்கிறார்கள். இன்னொருவருடைய பொட்டலத்தில் கை வைக்க வேண்டியிருந்தால், சரி செய்ததை உடனே அனுப்பாமல் சில நாள் தாமத வரிசையில் போட்டுவிட்டு, சொந்தக்காரருக்குத் தகவல் சொல்கிறார்கள். 'நான் செய்யலாமா? வேண்டாமென்றால் தடுத்துவிடுங்கள்' என்று அர்த்தம்.

நமக்கும் சம்பந்தம் இல்லாமலில்லை. சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியன் மேல் கட்டியதுதான். டெபியனை இன்ஸ்டால் செய்யும்போது மொழி என்று கேட்கிற இடத்தில் தமிழும் இருக்கிறது. எவரோ உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார். வருஷா வருஷம் ஒரு நாட்டில் கூடும் அவர்களுடைய மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது.

"சரி மாமா, இதுல எனக்கு என்ன லாபம்?" என்கிறான் மைத்துனன். நியாயமான கேள்வி. உன் கம்பெனி ஸர்வர் எதில் ஓடுகிறது என்று கேட்டேன். விசாரித்துவிட்டு வந்து, "உபுண்டு" என்றான். அடியில் டெபியன். அதற்கும் அடியில் தூங்காத சில பேர். அவர்களுடைய பொட்டலத்தை வருஷக்கணக்காக உபயோகிக்கிற கம்பெனி, பதிலுக்கு ஒரு பக் ரிப்போர்ட்டாவது ஒழுங்காக எழுதி அனுப்பியிருக்கிறதா? இல்லையாம். "யாரும் கேக்கலையே!" என்றான்.

கேட்க மாட்டார்கள். அநாதைப் பட்டியலைத் திறந்து வைத்திருப்பதுதான் அவர்கள் கேட்கிற விதம். ப்ரோக்ராம் எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை. 'இதை அழுத்தினேன், இது வந்தது' என்று நாலு வரி தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும். லோயர் டிவிஷன் க்ளார்க் பரீட்சைக்குத் தேவையான திறமைதான்.

கூடவே ஒரு பரீட்சார்த்தம். அடுத்த தடவை மேனேஜர் வந்து "எப்பய்யா ரெடியாகும்?" என்று கேட்டால், டெபியனை மனசில் நினைத்துக்கொண்டு, பணிவாக, "ரெடியானதும் ஸார்" என்று சொல்லிப் பாருங்கள்.

இன்க்ரிமென்ட் போனால் எனக்கு எழுத வேண்டாம்.